வைத்தியரைக் கண்டால் ஓடும் நோய்

பல்வலியால் இரவு முழுவதும் துடித்தவர், காலையில் வைத்தியர் வீட்டுப் படியில் கால் வைத்ததும் வலி போன இடம் தெரியாமல் விழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். "எந்தப் பல்?" என்று வைத்தியர் கேட்பார். எந்தப் பல் என்று இவருக்கே சந்தேகம் வந்துவிடும். வீடு திரும்பிச் செருப்பைக் கழற்றும் நேரத்தில் வலி மறுபடியும் வந்து சேரும்.

மனிதப் பல்லுக்கு மட்டுந்தான் இந்தக் குறும்பு உண்டென்று நெடுநாள் எண்ணியிருந்தேன். டில்லிக்கு வந்த பிறகுதான், வீட்டிலுள்ள மின்சாரச் சாமான்கள் இந்த விஷயத்தில் பல்லையும் மிஞ்சியவை என்று தெரிந்துகொண்டேன்.

கோளாறுகளில் நாணயமானவை உண்டு. மின்விசிறியின் சுருள் கருகிப் போயிற்று என்றால் கருகியதுதான். நேற்றும் ஓடவில்லை, இன்றும் ஓடாது, மெக்கானிக் எதிரே வந்து நின்றாலும் ஓடாது. கூலி பேசலாம், வேலை நடக்கும். மற்றொரு வகை, வந்து வந்து போகிற கோளாறு. வீட்டில் ஆள் தனியாக இருக்கும்போது வரும். நாலு பேர் கூடிப் பார்த்தால் மறைந்துவிடும். இதனால் சாமானுக்கு ஏற்படும் கேடு கொஞ்சம்தான். பெரிய கேடு, "நின்று போயிற்று" என்று சொன்ன ஆளுக்கு. ஜோராக ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டு, "இது ஓடவில்லை" என்று சொல்கிறவரை உலகம் எப்படிப் பார்க்கும்? அதுவும் அவர் எழுபத்து நான்கு வயதில் தனியே வசிக்கும் மூதாட்டியாக இருந்துவிட்டால்?

2022ஆம் ஆண்டுக் கோடையில் நான் கரோல்பாக்கில் ஒரு வீட்டின் மொட்டைமாடி அறையில் குடியிருந்தேன். டில்லிக்காரர்கள் 'பர்சாத்தி' என்பார்களே, அதுதான். மழைக்கு ஒழுகும், வெயிலுக்கு வேகும், வாடகை மட்டும் மிதம். கீழ்த்தளத்தில் வீட்டுக்குச் சொந்தக்காரரான பாட்டி இருந்தார். அவருடைய கணவர் மத்திய சர்க்காரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுக் காலமானவர். ஒரே மகன் பெங்களூரில். நடுத்தளத்தில் ஒரு பஞ்சாபிக் குடும்பம். கணவன், மனைவி இருவரும் ஆபீசுக்குப் போகிறவர்கள். அந்த மே மாதத்தில் டில்லியின் சில பகுதிகளில் வெப்பம் 49 டிகிரியைத் தாண்டிற்று. என் அறையில் எத்தனை டிகிரி என்று அளந்து பார்க்க எனக்குத் துணிவில்லை.

பாட்டிக்குச் சர்க்கரை வியாதி. இன்சுலின் மருந்தை, புட்டி திறக்காதவரையில், 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிர்ச்சியில் வைத்திருக்க வேண்டும். உறைந்து போகவும் விடக்கூடாது. ஆகையால் நமக்கெல்லாம் பிரிட்ஜ் என்றால் ஐஸ் தண்ணீரும் மாம்பழமுமாக இருக்க, பாட்டிக்கு அது மருந்து அலமாரி. அந்தப் பிரிட்ஜ்தான் மே மாதம் இரண்டாம் வாரத்தில் சண்டித்தனம் செய்ய ஆரம்பித்தது. இரவு எட்டு மணி வாக்கில் 'டிக்' என்று ஒரு சப்தம். பிறகு ஒரு முனகல். மறுபடியும் 'டிக்'. அப்புறம் மௌனம். ஐந்து நிமிஷம் கழித்து அதே டிக், அதே முனகல். பத்து மணிக்குத் திறந்து பார்த்தால் உள்ளே வெதுவெதுப்பு. காலையில் எழுந்து பார்த்தாலோ சாதுவாக ஓடிக்கொண்டிருக்கும், உள்ளே ஐஸ் கட்டியாய்!

மெக்கானிக் பகல் பதினொரு மணிக்கு வந்தார். காதை வைத்துக் கேட்டார். கதவைத் திறந்து கையை உள்ளே விட்டார். "பில்குல் டீக் ஹை, மாதாஜி" என்றார். வந்ததற்குக் கூலி 300 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அன்றிரவே டிக்.

இரண்டாவதாக வந்தவர் சற்றுப் படித்தவர். தெர்மோஸ்டாட்டில்தான் குறை என்று சொல்லிப் புதிதாக ஒன்று மாட்டினார். என்ன ஆச்சரியம்! மூன்று நாள் பிரிட்ஜ் பிரமாதமாக ஓடியது. பாட்டி எனக்குப் பாயசம் கொடுத்தார். நான்காம் நாள் இரவு, பழையபடி டிக். மூன்றாமவர் கம்ப்ரஸரையே மாற்ற வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார். அந்தத் தொகைக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் புதுப் பிரிட்ஜே வாங்கிவிடலாம்.

இதற்குள் விஷயம் பெங்களூருக்கு எட்டிவிட்டது. "அம்மா, கதவைச் சரியா மூடினியா? பிளக்கை நீயே பிடுங்கிட்டு மறந்திருக்கப் போறே" என்று மகன் தொலைபேசியில் கேட்டார். பிறகு தனியாக என்னைக் கூப்பிட்டார். "தம்பி, அம்மா முன்னே மாதிரி இருக்காங்களா? மறதி ஏதாவது தெரியுதா? மெக்கானிக் மூணு பேர் வந்து ஒண்ணுமில்லேன்னு போயிட்டாங்களே. வீட்டை ஒரு வழி பண்ணிட்டு இங்கே அழைச்சுண்டு வந்துடலாம்னு பார்க்கறேன்" என்றார். மகனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்துகொண்டு, ஒரு பக்கம் அம்மா சொல்வதையும் மறுபக்கம் மூன்று மெக்கானிக்குகள் சொல்வதையும் தராசில் வைத்தால், தட்டு எந்தப் பக்கம் சாயும்? ஆனால் ஒரு பிரிட்ஜின் டிக் சப்தத்தினால் ஒருவருடைய புத்தியின் மேலேயே சந்தேகம் விழுகிறதே என்று எனக்கு வயிற்றைக் கலக்கிற்று. அந்த வீட்டில் பாட்டி நாற்பது வருஷம் வாழ்ந்திருக்கிறார்.

பாட்டிக்கும் இது தெரியாமல் இல்லை. ஒரு நாள் என்னைக் கீழே கூப்பிட்டு, "ஏண்டா கண்ணா, நீ பௌதிகம் படிக்கிறவன். எனக்குக் காது சரியாத்தான் கேட்கிறதா, இல்லே நானா ஏதாவது கற்பனை பண்றேனா, நீயே சொல்லு" என்றார். சொல்லிவிட்டு ஒரு கட்டுக் காகிதத்தை என் முன்னால் வைத்தார். ஊரிலிருந்து ஆண்டுதோறும் யாராவது கொண்டுவந்து கொடுக்கும் தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்கள் அவை. ஒவ்வொன்றின் பின்புறத்திலும் பென்சிலால் குறிப்பு. யாரும் சொல்லாமல், இரண்டாவது மெக்கானிக் வந்த நாளிலிருந்து, பாட்டி தாமாகவே எழுதிவந்திருக்கிறார். 'இரவு 7.50 டிக். 11 மணிக்கு ஓடிற்று.' 'பால் திரிந்தது.' 'மருந்தை மண்சட்டியில் வைத்தேன்.' (ஈரத் துணி சுற்றிய மண்சட்டி ஓரளவு குளிர்ச்சி தரும், பிரிட்ஜ் இல்லாத வீடுகளில் இன்சுலினை அப்படி வைப்பதுண்டு.) ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தாளில், 'மாலை 4.30 டிக். ராகு காலமோ?' என்று இருந்தது. மறுநாள் தாளில் அதற்கு அவரே பதிலும் எழுதியிருந்தார்: 'திங்கள் ராகு காலம் காலை 7.30. நன்றாக ஓடுகிறது. ராகு இல்லை.'

நம் பரிசோதனைச்சாலையில் கருதுகோளைக் கைவிடத் தெரியாமல் வருஷக்கணக்கில் கட்டியழுகிறவர்கள் சிலரை எனக்குத் தெரியும். பாட்டி ஒரே நாளில் கைவிட்டுவிட்டார்.

தாள்களைத் தேதிவாரியாகத் தரையில் பரப்பினோம். வேலை நாட்களில் எல்லாம் இரவு ஏழரைக்குப் பிறகு. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பிற்பகலிலேயே. மூன்று நாள் சுத்தமாக ஒன்றுமில்லை. தெர்மோஸ்டாட் மாற்றிய அந்த மூன்று நாள். அந்தத் தாள்களில் ஒன்றைத் திருப்பினால், 'மேல் வீட்டார் ஹரித்வார் போனார்கள். சாவி என்னிடம்' என்று இருக்கிறது!

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டிற்று. பிரிட்ஜ் குணமானது தெர்மோஸ்டாட்டால் அல்ல. மேல் வீட்டார் கங்கைக்குப் போனதால். அவர்கள் ஆபீசிலிருந்து வந்து ஏர்கண்டிஷனரைப் போடும் நேரமும் இந்த டிக் சப்தமும் ஒன்றாக இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பகலிலேயே வீட்டில் இருப்பார்கள். இன்னொரு குறிப்பும் இருந்தது. நாலைந்து தாள்களில், 'விசிறிக்குச் சோம்பல்' என்று எழுதியிருந்தார். விசிறி மெதுவாகச் சுற்றுகிறது என்றால் மின்னழுத்தம் குறைகிறது என்று அர்த்தம். ஆனால் விளக்கு மங்கியதாக ஒரு குறிப்பும் இல்லை. பழைய குண்டு பல்பாக இருந்திருந்தால் அழுத்தம் சற்றுக் குறைந்ததும் அழுது வடிந்து, ஊருக்கே சொல்லிவிடும். எல்.இ.டி. பல்பின் உள்ளே இருக்கும் சிறு சுற்று, அழுத்தம் கணிசமாக இறங்கினாலும் ஒளியை ஒரே அளவில் நிறுத்தி வைத்துக்கொள்ளும். நல்ல குணந்தான், ஆனால் சாட்சி சொல்ல அது உதவாது.

பரிசோதனைச்சாலை நண்பன் ஒருவனிடம் மல்டிமீட்டர் இரவல் வாங்கிவந்தேன். நம் நாட்டில் வீட்டுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ட் என்பது கணக்கு. காலையில் பிரிட்ஜின் பக்கத்துச் சொருகியில் 228 காட்டிற்று. மாலை ஏழு மணிக்கு, பேட்டை முழுவதும் கூலரும் ஏ.சி.யும் போட்ட பிறகு, 203. ஏழே முக்காலுக்கு மேல் வீட்டு ஏ.சி. ஆரம்பித்ததும் 178! பிரிட்ஜின் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருக்கும்போது குறைந்த அழுத்தத்தை ஒருவாறு சமாளிக்கும். நின்றுவிட்டு மறுபடி கிளம்பும்போதுதான் அதற்குப் பலம் வேண்டும். பலம் போதாமல் அது முக்கும். முக்கும்போது மின்னோட்டம் பல மடங்கு ஏறும். சுருள் வெந்து போகாமலிருக்க, பக்கத்தில் இரட்டை உலோகத் தகடு ஒன்று வைத்திருக்கிறார்கள். அது சூடேறி வளைந்து இணைப்பைத் துண்டிக்கும், அதுதான் 'டிக்'. சில நிமிஷத்தில் ஆறிப் பழைய நிலைக்கு வரும், மறுபடி முயலும். நள்ளிரவுக்கு மேல் பேட்டையின் பாரமும் குறைந்து, அறை குளிர்ந்து மேல் வீட்டு ஏ.சி.யும் அடிக்கடி ஓய்வெடுத்துக்கொள்ளும்போது, அழுத்தம் ஏறும், பிரிட்ஜ் கிளம்பிவிடும். பகல் பதினொரு மணிக்கு வரும் மெக்கானிக்குக்கு இந்த நாடகம் எப்படித் தெரியும்? அவர் பொய் சொல்லவில்லை. கோளாறு குடியிருந்தது பிரிட்ஜிலேயே இல்லை.

இனி ஒரு காரியந்தான் பாக்கி. கோளாறை நாம் கூப்பிட்ட நேரத்தில் வரவழைக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை காலை எலக்ட்ரீஷியனை வரச்சொன்னோம். மேல் வீட்டுப் பெண்மணியிடம் விஷயத்தைச் சொல்லி, நான் கை தட்டியதும் ஏ.சி.யைப் போடும்படி கேட்டுக்கொண்டோம். அவர்களுக்கு இந்தக் கஷ்டம் எதுவும் தெரிந்திருக்கவில்லை. அவர்களுடைய ஏ.சி.க்கு ஸ்டெபிலைசர் இருந்தது. குறைகிற அழுத்தத்தை அது உயர்த்திக் கொடுத்துவிடும். கை தட்டினேன். மீட்டரில் 228 ஆக இருந்தது 204க்கு வந்து நின்றது. நிறுத்தச் சொன்னோம், ஏறிற்று. போடச் சொன்னோம், இறங்கிற்று. எலக்ட்ரீஷியன் மீட்டரைத் தட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஒன்றும் பேசாமல் மெயினை அணைத்துவிட்டு மாடிப்படிக்குக் கீழே இருந்த பலகையைத் திறந்தார்.

அந்த வீட்டுக்கு ஒரே மீட்டர். அதிலிருந்து வரும் கம்பி அந்தப் பலகையில்தான் கீழ் வீட்டுக்கும் மேல் வீட்டுக்குமாகப் பிரிகிறது. பிரிவதற்கு முன்னாலுள்ள நியூட்ரல் இணைப்பில், கறுப்பு உறை உருகிச் சொட்டி, பலகை பழுப்பேறிக் கருகியிருந்தது. 24 வோல்ட் அங்கே விழுகிறது, ஏ.சி. இழுப்பது ஏழரை ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், 180 வாட். மூன்று அறுபது வாட் குண்டு பல்புகள் கொடுக்கும் சூடு, தினமும் நாலைந்து மணி நேரம், ஒரு மரப்பலகையின் மேல்! பாட்டி அந்தக் கருகலைப் பார்த்துவிட்டு, படிக்கட்டுக்குக் கீழே அடுக்கி வைத்திருந்த பழைய செய்தித்தாள்களையும் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

வெளியிலிருந்து வரும் கம்பி அலுமினியம். திருகும் இருக்கையும் பித்தளை. ஒரு டிகிரி சூட்டுக்கு அலுமினியம் பத்து லட்சத்தில் 23 பங்கு விரியும். பித்தளை சுமார் 19 பங்குதான். அலுமினியம் மிருதுவானது, சூட்டில் விரிய இடமின்றி நசுங்கும், ஆறும்போது சுருங்கும், ஒவ்வொரு தடவையும் பிடி ஒரு மயிரிழை தளரும். தளர்ந்த இடத்தில் காற்றுப் பட்டுத் துரு போன்ற ஒரு படலம் படியும். அந்தப் படலம் மின்சாரத்தை விடாது. விடாததால் சூடு இன்னும் ஏறும். சும்மா இருக்கும்போதோ, கம்பி அசையாமல் உட்கார்ந்து, நல்ல பிள்ளையாகக் காட்சியளிக்கும். எலக்ட்ரீஷியன் கருகிய நுனியை வெட்டி, இரு உலோகங்களுக்கும் பொருந்தும் முனை ஒன்றை நசுக்கிப் பொருத்தி, புது இருக்கையில் இறுக்கினார். சாமானும் கூலியும் 450 ரூபாய். அன்றிரவு ஏழே முக்காலுக்கு 202 வோல்ட். பிரிட்ஜ் டிக் என்று ஒரு வார்த்தை பேசவில்லை. பாட்டியோ, "மேல் வீட்டார் ஊரிலே இருக்காளா?" என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் தாளில் குறித்துக்கொண்டார்.

இந்தக் கேள்வியைத்தான் நான் மிகவும் மெச்சுகிறேன். வந்து போகும் கோளாறு இன்றைக்கு வரவில்லை என்பதால் போய்விட்டது என்று அர்த்தமில்லை. அது வரவேண்டிய சூழ்நிலை இருந்தும் வரவில்லையா என்று பார்க்க வேண்டும். வெப்பம், ஈரம், அதிர்ச்சி, மின்னழுத்தம், எறும்பு, பல்லி, இவற்றில் ஏதோ ஒன்றோடு அது கூட்டு வைத்திருக்கும். எங்கள் ஊர் வீட்டில் தாத்தாவின் வால்வு ரேடியோ ஒன்று இருந்தது. அரை மணி நேரம் பாடிவிட்டு ஊமையாகிவிடும்; தலையில் ஒரு தட்டுத் தட்டினால் மறுபடி பாடும். தாத்தா அதைப் பயபக்தி என்று சொல்வார். உண்மையில், ஈயப் பற்று சரியாகப் பிடிக்காத ஓர் இணைப்பு சூடேறி விலகுவதும், தட்டும்போது கூடுவதுந்தான். இதில் தேர்ந்த கைகாரர்கள் தட்டுவதையே ஒரு சாஸ்திரமாக வைத்திருக்கிறார்கள். மரக்குச்சி நுனியால் ஒவ்வோர் இணைப்பாக மெல்லத் தட்டுவார்கள். தலைமுடி உலர்த்தும் கருவியால் ஒரு மூலையை மட்டும் சூடாக்குவார்கள். குளிர் திரவத்தை ஒரு பாகத்தின் மேல் மட்டும் பீச்சுவார்கள். கோளாறு எங்கே கூப்பிட்ட குரலுக்கு வருகிறதோ, அங்கே அதன் வீடு.

பூச்சி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 1947 செப்டம்பரில் ஹார்வர்டு மார்க் 2 கணிப்பொறியின் ரிலே ஒன்றில் ஒரு விட்டில் அகப்பட்டு, அதைக் குறிப்பேட்டில் ஒட்டியே வைத்தார்கள். இயந்திரக் குறைக்குப் 'பூச்சி' என்ற பெயர் அன்றுதான் வந்தது என்று நம்மில் பலர் அடித்துச் சொல்கிறார்கள். எடிசன் 1878லேயே ஒரு கடிதத்தில் அந்தப் பெயரை ஆண்டிருக்கிறார். விட்டிலின் புகழைக் குறைப்பது என் நோக்கமல்ல.

மகன் என்ன சொன்னார் என்று கேட்பீர்கள். கருகிய இணைப்பைப் படமெடுத்து, காலண்டர் தாள்களையும் படமெடுத்து அனுப்பினேன். சற்று நேரம் கழித்துப் பதில் வந்தது: "அம்மாவிடம் நானே பேசிக்கொள்கிறேன்." என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. வீட்டை விற்கும் பேச்சு அந்தக் கோடையில் மேற்கொண்டு எழவில்லை. பாட்டி மட்டும், "மூணு பேர் வந்து ஒண்ணுமில்லேன்னாங்களே" என்று அவ்வப்போது சிரித்துக்கொள்வார்.

நான் இப்போது விடுதிவாசி. இங்கே இரண்டாம் மாடிக் குளியலறைக் கீசர் ஒன்று, சில நாட்களில் போட்டவுடன் மெயினைத் தட்டிவிடுகிறது. சில நாட்களில் சமர்த்தாக வெந்நீர் தருகிறது. மின்சாரப் பிரிவினர் இரண்டு தடவை வந்து பார்த்து, "குறை ஒன்றுமில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் போயிருக்கிறார்கள். இது தண்ணீர் சம்பந்தப்பட்ட விஷயம். மெயினைத் தட்டிவிடுகிற அந்தச் சாதனம் நம் உயிரைக் காக்க வைத்தது. அதை யாரும் வம்புக்கு இழுக்க வேண்டாம். கீசருக்கு ஒரு பூட்டுப் போடச் சொல்லிவிட்டோம். பார்ப்பதற்கென்று எலக்ட்ரீஷியன் வரும்போதுதான் அது திறக்கும். அதற்கு முன்பு வரையிலான விவரங்களுக்காகக் கதவுக்குப் பக்கத்து ஆணியில் ஒரு நோட்டுப் புத்தகம் கட்டித் தொங்குகிறது. இதுவரை பதினொரு குறிப்புகள். ஏழு தடவை தட்டியது, விடுமுறைக்குப் பிறகோ திங்கட்கிழமைக் காலையிலோ. அதாவது கீசர் இரண்டு நாளாவது சும்மா கிடந்த பிறகு. சூடேற்றும் குழாயின் உறையில் நூலிழை விரிசல் இருந்தால், உள்ளிருக்கும் வெள்ளைப் பொடி சும்மா கிடக்கும்போது ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், ஓடும்போது காய்ந்துவிடும். மின்சாரப் பிரிவினர் வந்தது இரண்டு தடவையும் புதன்கிழமை. வருகிற திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வரச்சொல்லிக் கடிதம் கொடுத்திருக்கிறோம். மீதி நான்கு குறிப்புகளை எழுதிய அன்பர்கள் கிழமையைப் போட மறந்துவிட்டார்கள். நினைவிருந்தால் திங்களுக்குள் நோட்டில் சேர்த்துவிடவும்.